நாய்க்கொட்டைச் செடியும் ஆறாம் வீட்டு முத்திரையும்

ஷிமோகாவரா, மூன்றாம் வீதி
மார்ச் மாதம், சனிக்கிழமை பிற்பகல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் ஷோஹெய் அவர்களின் சமூகத்துக்கு,

தலை தாழ்த்தி வணங்கி எழுதுவது. பிளம் பூ கொட்டி முடிந்து, செர்ரி இன்னும் வாய் திறக்காமல் அடம்பிடிக்கும் இந்த இரண்டுங்கெட்டான் நாட்களில் தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அகிதாவில் இன்னும் கூரை மேல் பனி கிடக்கும். எழுபத்தாறு வயதில் ஏணி வைத்து ஏறி அதைத் தள்ள வேண்டாம் என்று மன்றாடுகிறேன். தாங்கள் அனுப்பிய புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒன்றை நானும் தங்கள் தங்கை கினுயோவும் சாப்பிட்டோம். இன்னொன்றில் பாதி எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

அது அரிமோரி வீட்டுக்குப் போயிற்று, மச்சான். அரிமோரி என்பவர் போன இலையுதிர்காலத்தில் எங்கள் வீதியின் ஒன்பதாம் வீட்டுக்குக் குடிவந்தவர். தோக்கியோவில் பெரிய துணிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நாற்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவராம். மனைவியை இழந்தவர் என்று கேள்விப்பட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் ஒரு வாரம் தாங்கியது. புதிதாகக் குடிவந்தவர் அக்கம்பக்கத்துக்கு ஒரு துண்டோ சோப்போ கொடுப்பது நம் வழக்கம், அவரும் துண்டுதான் கொடுத்தார், ஆனால் அதை மடித்துச் சுற்றியிருந்த தாளின் அழகைப் பார்த்து உங்கள் தங்கை அந்தத் தாளைக் கசங்காமல் பிரித்து, என் பென்ஷன் புத்தகம் இருக்கும் இழுப்பறையில், என் பென்ஷன் புத்தகத்துக்கு மேலே வைத்தாள். துண்டு தரை துடைக்கப் போய்விட்டது. தாள் மட்டும் இன்னும் இருக்கிறது. நான் நாற்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ கொடுத்திருக்கிறேன், ஒரு தாளையாவது எடுத்து வைத்தாளா என்று கேட்டேன். "நீங்க தாள்ல சுத்தி எதையுமே குடுத்ததில்லையே" என்றாள். இது ஒரு பதிலா?

நான் எப்படிப்பட்டவன் என்று தங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் டவுன் ஆபீஸில் குடும்பப் பதிவேட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தவன். பதிவேட்டில் ஒரு பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, ஓரத்தில் முத்திரை வைக்க வேண்டும். அப்படிப் பழகிய கை இது. பெயர் என்றால் பதிந்ததுதான் பெயர். ஓய்வுக்குப் பிறகு செடிகளின் பக்கம் போனபோதும் அதே புத்திதான். அதிலும் ஆளுயரச் செடி, முறம் போல இலை எல்லாம் எனக்கு ஆகாது. தரையோடு தரையாக, விரல் நகத்தளவு இலையோடு, இலை மேல் பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய மயிரோடு கிடக்குமே, அந்த ஜாதி. கசக்கினால் வெள்ளரிக்காய் மணக்கும் வெள்ளரிப்பூண்டு, எலியின் காது போலவே இருக்கும் எலிக்காதுக் கீரை, பஞ்சு ஒட்டினாற்போல வெளுத்திருக்கும் தாய்ப்பிள்ளைக் கீரை. இவற்றுக்கெல்லாம் ராஜா நாய்க்கொட்டை. ஆற்றங்கரை முழுக்க நீலமாகப் பூத்துக் கிடப்பது அதுதான். காயைத் திருப்பிப் பார்த்தால் கடுவன் நாய் ஒன்று நமக்கு முன்னால் நடந்து போவது போலவே இருக்கும், இரண்டு உருண்டையும் மயிரும் அச்சு அசலாக. அதனால் முன்னோர் அப்படிப் பெயர் வைத்தார்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தவன் வைத்த பெயர். அதை மாற்ற நாம் யார்?

பதினோரு வருஷமாக மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதிச் சங்கத்தின் சார்பில் ஆற்றங்கரைச் செடிநடையை நான்தான் நடத்தி வருகிறேன். கினுயோ வெந்நீர்க் குடுவையையும், பெயர் எழுதிய அட்டைகளையும், என் மடக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். கூட்டம் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் கினுயோவையும் சேர்த்து ஐந்து பேர், அதில் ஒருவர் நாயை நடத்திக்கொண்டு தற்செயலாக வந்தவர். ஆனால் கடுவன் நாய். ஒப்பிட்டுக் காட்ட இப்படி ஒரு வாய்ப்பு லட்சத்தில் ஒரு முறைதான் அமையும் என்று நான் காயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நாயின் பின்பக்கமாகப் போய் விளக்கினேன். இரண்டு பெண்கள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டோம் என்று கிளம்பினார்கள். நாய்க்காரர் நாய் இழுத்த பக்கம் போய்விட்டார். மிச்சம் இருந்தது நானும் உங்கள் தங்கையும், காது கேட்காத ஒரு பெரியவரும். அப்போதுகூட கினுயோ அந்தப் பெயரை வாய் திறந்து சொல்ல மாட்டாள். "அந்தப் பூ" என்பாள். பதினோரு வருஷமாக அது "அந்தப் பூ"தான்.

இப்போது கேளுங்கள். ஜனவரி ஏழாம் தேதி ஏழு கீரைக் கஞ்சிக்கு வருஷா வருஷம் நான்தான் பனியில் விரல் விறைக்க ஆற்றங்கரையில் குனிந்து கீரை பறித்து வருவேன். இந்த வருஷம் நான் பூட்ஸ் மாட்டும்போதே கினுயோ, "போக வேணாங்க. அரிமோரி சார் விடியக்காலையிலேயே குடுத்துட்டுப் போயிட்டாரு" என்கிறாள். போய்ப் பார்த்தால் சின்ன மூங்கில் கூடை, ஏழும் தனித்தனியாகக் கட்டி, தாய்ப்பிள்ளைக் கீரைக்கு மட்டும் ஒரு சிவப்பு நாடா. கஞ்சிக்குப் போகிற கீரைக்கு நாடா எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலில் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பதில் மரியாதையாகத்தான் தாங்கள் அனுப்பிய முள்ளங்கியில் பாதியை அறுத்து அவருக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் நடுப்பாதி! வால்பகுதி எனக்கு.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் ஆற்றங்கரைக்குப் போகிறேன், என்னுடைய நாய்க்கொட்டைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை நட்டிருக்கிறது. அரிமோரியின் தூரிகை எழுத்தில், "விண்மீன் விழி." விண்மீன் விழியாம்! அப்படி ஒரு பெயர் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடப்பது எனக்கும் தெரியும், தெரிந்தேதான் நான் சொல்வதில்லை. கவுண்டரில் நின்று இவர் அப்படிப் பெயர் மாற்றியிருந்தால் மூன்று படிவம் நிரப்பச் சொல்லியிருப்பேன். அன்று சாப்பாட்டில் உங்கள் தங்கை, "விண்மீன் விழி... கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல?" என்கிறாள். "அது நாய்க்கொட்டை" என்றேன். "சோத்து மேல உக்காந்துக்கிட்டா சொல்லணும்?" என்றாள். மறுவாரம் சங்கத் தலைவி ஒகினோ அக்கா என்னை ஓரமாக அழைத்து, "கோவிச்சுக்காதீங்க சார், இந்தத் தடவ அரிமோரி சாரும் ஒரு நடை நடத்தட்டுமே. ஒரே ஞாயித்துக்கெழம, ரெண்டு பேரும். யாருக்கு எது இஷ்டமோ அங்க போகட்டும்" என்றார். நான் சிரித்தேன். உள்ளே ரத்தம் கொதித்தது. எனக்கு மற்றவர்கள் எங்கே போனாலும் கவலையில்லை, மச்சான். ஒரே ஒரு ஆள் எந்தப் பக்கம் நடப்பாள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. சங்கத்தின் சுற்றுப்பலகை எங்கள் வீதியில் பதினான்கு வீட்டையும் சுற்றி வரும். எங்கள் வீடு ஆறாவது. படித்து, வீட்டு முத்திரையைக் குத்தி, அன்றைக்கே அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். கினுயோ முத்திரை வைத்துவிட்டுப் பலகையைச் செருப்பு அலமாரி மேல் வைத்திருந்தாள். மாலை நடையில் ஏழாம் வீட்டில் கொடுப்பது என் வேலை. எடுத்துப் பார்க்கிறேன். முதல் தாளில் இரண்டு பட்டியல், வீட்டு எண், முத்திரை, எத்தனை பேர் என்று கட்டம் போட்டு. "நமெகாவா அவர்களின் செடிநடை": ஒரு வீடுகூட இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி. "அரிமோரி அவர்களின் செடிநடை": முதல் ஐந்து வீட்டு முத்திரையும் வரிசையாக. ஆறாவதாக, சிவப்பு மை கூடக் காயாமல், "நமெகாவா." என் முத்திரை! என் அப்பா செதுக்கிக் கொடுத்த முத்திரை! என் பெயரே எனக்கு எதிராக நின்றது. அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை.

அடுத்து செய்ததைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். பலகையை ஏழாம் வீட்டில் கொடுக்கவில்லை. செடிகளைக் காயவைக்கும் என் பழைய செய்தித்தாள் அடுக்குக்கு நடுவில் செருகி, மேலே ஊறுகாய்க் கல்லைத் தூக்கி வைத்துவிட்டேன். நாலு நாள். சுற்றுப்பலகையை நாலு நாள் நிறுத்தியவன் இந்த வீதியில் நல்ல பேர் எடுத்ததில்லை. புதன்கிழமை கினுயோ ஊறுகாய்க் கல்லைத் தேடினாள். எலி கொண்டுபோயிருக்கும் என்றேன், ஏழு கிலோ கல்லை. வியாழக்கிழமை எட்டு வீட்டுக்காரர்கள் கண்ணாடிப் புட்டி போடும் நாள் மாறியது தெரியாமல் புட்டிகளைத் தெருமுனையில் கொண்டுவந்து வைத்து, குப்பைக்காரரிடம் திட்டு வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஒகினோ அக்கா போன் செய்து, பலகை எங்கே நிற்கிறது என்று கேட்டார். நான் கொட்டாவி விடுவது போல நடித்துக்கொண்டிருந்தேன். கினுயோ போனில், "எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே குடுத்திருப்பாரே அக்கா. பதினோரு வருஷத்துல ஒரு நாள் தாமசம் பண்ணதில்ல அவரு" என்றாள். எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. அந்த நிமிஷமே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவள் முத்திரையை மட்டும் ஏன் அங்கே குத்தினாள் என்று நினைத்ததும் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது.

இன்று காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரைப் பக்கம் இயந்திரச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் புல்வெட்டும் ஆட்கள் மூன்று பேர். கரை முழுக்க, பாலம் முதல் மதகு வரை, சவரம் பண்ணியது மாதிரி. வெள்ளரிப்பூண்டு இல்லை, எலிக்காது இல்லை, விண்மீன் விழியும் இல்லை, நாய்க்கொட்டையும் இல்லை. அட்டை மட்டும் கோணலாக நிற்கிறது. "யாரைக் கேட்டுய்யா வெட்றீங்க?" என்று கத்தினேன். "சங்கத்துலதான் போன வாரமே எழுதிப் போட்டாங்களே பெரியவரே. பலகையில ரெண்டாவது தாள் பாக்கலியா? ஆட்சேபணை இருந்தா வியாழக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லி இருந்துச்சு. ஒருத்தரும் சொல்லல" என்கிறான். முதல் ஐந்து வீட்டுக்காரர்கள் அரிமோரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்களாம். அரிமோரி வீட்டுக்கோ பலகையே போகவில்லை. நான் இரண்டாம் தாளைத் திருப்பவே இல்லை, மச்சான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அவருடைய நடையைக் கெடுக்க நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தளவு மூளை எனக்கு அப்போது வேலை செய்யவில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதையும் தங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன், தாங்கள் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால். ஆற்றங்கரையில் இருந்தது வெளியூரிலிருந்து வந்து பரவிய பெரிய நாய்க்கொட்டை. இந்த மண்ணுடைய அசல் நாய்க்கொட்டை வேறு. அரிசிமணி அளவு இளஞ்சிவப்புப் பூ, இன்னும் சிறிய இலை, இன்னும் மயிர். எங்கள் பக்கத்தில் அது அற்றுப்போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கக் கல்சுவரின் இடுக்கில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பார்க்க வருவார்கள், பார்த்தால் தொடுவார்கள். கினுயோவிடம்கூட, சுவர் ஆடுகிறது, அந்தப் பக்கம் போகாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நல்லவேளை. சொல்லியிருந்தால் இதற்குள் அதற்கும் ஒரு நாடா கட்டியிருப்பார்கள்.

ஆகவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், மூத்த அண்ணன் என்ற முறையில் தங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை கண்டித்து எழுதவும். கட்டிய கணவனின் முத்திரையை அயலான் பட்டியலில் குத்துவது தங்கள் குடும்பத்து வழக்கம்தானா என்று கேட்கவும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நான் இனி செடிநடை நடத்துவதாக இல்லை, அரிமோரியின் முகத்தில் விழிப்பதாகவும் இல்லை, அந்தக் கல்சுவர் ரகசியம் என்னோடு மண்ணுக்குப் போகட்டும்.

தங்கள் முழங்காலும், அண்ணியாரின் இருமலும், கூரையும் நலமாக இருக்க வேண்டுமென வேண்டி, கைகூப்பி நிறுத்துகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
நமெகாவா தொகுஜி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை மாலை. மேலே உள்ளது நேற்று எழுதியது. தபால் பெட்டியில் போடும் முன் ஒன்றிரண்டு விவரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. இன்று காலை கினுயோ தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பி, வாசலில் கொஞ்ச நேரம் நின்று, "வரலியா?" என்றாள். நான் செய்தித்தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். போய்விட்டாள். ஆள் இல்லாத நேரத்தில் பலகையை ஏழாம் வீட்டு வாசலில் ஓசைப்படாமல் வைத்துவிடலாம் என்று ஊறுகாய்க் கல்லை நகர்த்தி எடுத்தேன். முத்திரைக்குப் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. எத்தனை பேர் என்ற கட்டம். அதில் கினுயோவின் கையெழுத்தில், "2."

செவ்வாய்க்கிழமையும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மச்சான், நான் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆற்றங்கரையில் இருபது பேர் மொட்டைக் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அரிமோரி அந்தக் கோணல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, விற்க ஒரு முழம் துணியும் இல்லாத கடைக்காரர் மாதிரி நிற்கிறார். கினுயோ கடைசியில் தனியாக. குடுவை இல்லை, அட்டை இல்லை, நாற்காலி இல்லை, வெறுங்கை. நான் மூச்சு வாங்கப் பக்கத்தில் போய், "ரெண்டுன்னு போட்டிருக்கே" என்றேன். "பின்ன? முத்திரை வீட்டுக்கு ஒண்ணுதானே. எனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கா?" என்றாள். "உங்க நடையில உங்க பின்னாடியே பதினோரு வருஷம் நாற்காலி தூக்கியாச்சு. ஒரு தடவ, வேற யாராவது பேசட்டும், நாம ரெண்டு பேரும் எல்லாரும் போற மாதிரி பக்கத்துல பக்கத்துல நடந்து போவோம்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா நாலு நாளா முகத்தைத் தூக்கி வச்சிட்டு, என் ஊறுகாய்க் கல்லையும் தூக்கி வச்சிட்டு..." கல் இருக்கும் இடம் புதன்கிழமையே தெரியுமாம். தூக்க முடியாததால் விட்டுவிட்டாளாம்.

நான் இருபது பேர் முன்னால் குனிந்து வணங்கி, பலகையை நிறுத்தியவன் நான்தான் என்று சொன்னேன்.  எட்டாம் வீட்டுக்காரர், "அப்ப எங்க வீட்டுப் புட்டி?" என்றார். அதற்குப் பிறகு, என் வாயா இது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, "எல்லாரும் எங்க வீட்டுப் பின்னாடி வாங்க" என்றேன்.

கல்சுவரின் முன்னால் இருபது பேரும் வரிசையாகக் குந்தினார்கள். நான் விளக்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கினுயோ பேசினாள், சத்தமாக, கணீரென்று: "இதுதாங்க நாய்க்கொட்டை. ஆத்தங்கரையில இருந்தது பெரிய நாய்க்கொட்டை, இது அசல். காயைப் பாருங்க, நாய் முன்னால நடந்து போற மாதிரியே இருக்கும். தொடாதீங்க. பத்தொம்பது வருஷமா சுத்தி மொளைக்கிற புல்லை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி நான் காப்பாத்துறேன்." அந்தப் புல் தானாக முளைக்காமல் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். அரிமோரி முழங்கால் மண்ணில் படக் குனிந்து பார்த்துவிட்டு, "நமெகாவா சார், இதுக்கு வேற பேர் ஏதும் இல்லையா?" என்றார். "கிடையாது" என்றேன். அவர் எழுந்து தொப்பியைக் கழற்றி, "நாய்க்கொட்டை" என்றார், மூன்றாம் மாடியில் பட்டு விற்பனை என்று அறிவிக்கும் அதே குரலில். இருபது பேரும் திரும்பச் சொன்னார்கள். அடுப்பை அணைக்க யாரும் கிளம்பவில்லை.

ஆகவே தங்கையைக் கண்டித்து எழுத வேண்டாம். முடிந்தால் இன்னும் இரண்டு முள்ளங்கி அனுப்பவும். ஒன்று அரிமோரிக்கு. சிறியதாகப் பார்த்து.

எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் முதல் பக்கத்திலிருந்து நேற்றைய கையொப்பம் வரை எல்லாவற்றையும் ஒரே கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஓரத்தில் முறைப்படி வீட்டு முத்திரையும் இருக்கிறது. அதைக் குத்தியது நான் இல்லை. பக்கத்தில் "2" என்று எழுதியிருப்பதும் என் கையெழுத்து இல்லை.